பாக்கியத்தின் முறை நாள்

தம்பிக்கு அம்மா எழுதுவது. தெமியாங்கில் நாலு நாளாக மழை விடவில்லை, என் முழங்காலும் விடவில்லை, மற்றபடி குறையில்லை. நீ பினாங்குக்கு ரயில் ஏறிப் போனதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். உனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இனிமேல் உனக்குப் புத்தி சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் தீபாவளியன்று இலையில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு பேச்சு என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. உங்கள் ஃபேக்டரியில் பிள்ளை பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்பிய பெண்கள் மூன்று பேர் உன் மேசை முன்னால் வந்து நின்றார்கள், வேலை நேரத்தில் அரை மணி நேரமும் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் கேட்டார்கள் என்றாய். மாதக் கடைசிக்குள் நீதான் முடிவு சொல்ல வேண்டும் என்றாய். அப்புறம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "மூணு பேருதாம்மா கேட்டாங்க. மத்தவங்க யாரும் வாயத் தொறக்கல. அப்ப அவங்களுக்குத் தேவையில்லன்னுதானே அர்த்தம்?" என்றாய். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்று நீ நினைத்திருப்பாய். எனக்குப் புரிந்ததால்தான் எழுந்து போனேன்.

என் சுபாவம் உனக்குத் தெரியும். ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகையால் முதலில் நான் கேட்கிறேன், நீ எழுது. அந்தப் பெண்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? மேலே போடும் சட்டை நனைந்தால் மாற்றுச் சட்டை உண்டா? பக்கத்து வீட்டுக்காரியின் அண்ணன் மகள் அங்கேதான் வேலை செய்கிறாள். கக்கூசுக்குள் போய், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாலைப் பீய்ச்சித் தண்ணீரில் ஊற்றிவிட்டு வருகிறோம் என்று சொன்னாளாம். உண்மையா? அவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கைக்குழந்தையை விட்டுவிட்டு மெஷின் முன்னால் நிற்பவளுக்கு எங்கேயாவது ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று உன்னோடு வேலை செய்யும் ஆண்களில் ஒருவருக்காவது தெரியுமா? அவர்களுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். உனக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கு உனக்கு முதல் தடவை இல்லை. உனக்கு நாலு மாதமாக இருந்தபோது ஓர் ஆபீஸ் வாசலில் இதே வழக்கு உன்னை வைத்து நடந்தது.

பகாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை நீ ஜப்பான்காரன் காலத்துக் கதையாகவே கேட்டிருக்கிறாய். உன் அப்பாவைச் சயாமில் ரயில் போடக் கொண்டுபோனதும் அவர் திரும்பாததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு லயத்து வரிசை வீடுகளில் மிஞ்சியது பெண்களும் கிழவர்களும்தான். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. பெரட்டுக்குப் போகும்போது, அதாவது விடியுமுன் வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும்போது, பிள்ளைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்ததும் ஒரு நடை ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். ஜப்பான்காரன் வந்ததும் ஆயாவுக்குச் சம்பளம் இல்லை என்று அந்தக் கொட்டகையைப் பூட்டினார்கள். பழைய காட்டை அழித்து மரவள்ளி போடச் சொன்னார்கள். அந்த நிலம் ஆற்றுக்கு அந்தப்பக்கம், லயத்திலிருந்து பாலம் சுற்றிப் போனால் இரண்டு மைல். போதாததற்குக் கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு ஜப்பான் மணி என்று பேர். கோழி கூவும் முன்னே நாங்கள் பெரட்டில் நின்றோம். பெரியவர்கள் நாங்கள் பயத்தில் ஜப்பான் மணிக்குப் பழகிவிட்டோம். கைக்குழந்தைகளுக்கு அதை யார் சொல்வது? அவை பழைய நேரத்துக்கே பசித்தன.

காட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகக் கூடாது, வேலை முடியும் மணி அடிக்கும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று மண்டோர் சொல்லிவிட்டார். வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்தால்தான் அரிசி, அந்த அரிசியும் ஒரு கையளவு. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு போனோம். லயத்தில் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டன. மரவள்ளி மாவில் காய்ச்சிய கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊற்றின. ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. இரண்டாவது குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று, லயத்தில் பால் கொடுப்பவர்களாக மிஞ்சியது நாங்கள் நாலு பேர்: ராசம்மா, குப்பாயி, பாக்கியம், நான். அடுத்தது யாருடையது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் மண்டோரிடம் போனேன்.

"மண்டோர் அண்ணே, கொட்டகையத் தெறந்து விட்டா என்ன?"

"ஜப்பான் தொரை ஒத்துக்க மாட்டாருலா."

"கேட்டீங்களா?"

"கேக்கணுமா என்ன? அந்த ஆளு மூஞ்சியப் பாத்தாலே தெரியாது?"

ஆக, யாரும் கேட்கவே இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தூக்கம் வருமா? மறுநாள் வேலை முடிந்ததும், ஆபீஸ் மூடிவிடுமே என்று உனக்குப் பால்கூடக் கொடுக்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். தனியாகப் போகப் பயம். ராசம்மாவும் குப்பாயியும் வரவில்லை. வந்தவள் பாக்கியம். அவள் தன் பெண்ணை முதுகில் கட்டிக்கொண்டு, உன்னையும் கையில் வாங்கிக்கொண்டு, வெளியே மரத்தடியில் நின்றாள். நான் உள்ளே போய், இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டேன். குனியாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். ஜப்பான் துரை ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். அவர் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவருக்குத் தெரியாது. நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஐயா. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பால் கொடுப்பது என்ற சொல்லை ஓர் ஆம்பளை முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சம். "கொழந்தைக்குச் சாப்பாடுன்னு சொல்லிட்டேன்மா" என்றார். துரை ஏதோ சொன்னார். "கஞ்சி குடுக்கச் சொல்றாரு" என்றார் கிராணி. "கஞ்சி குடிச்ச ரெண்டு புள்ளைங்கள இந்த மாசம் பொதைச்சிருக்கோம்னு சொல்லுங்கய்யா" என்றேன். அதை அவர் துரைக்கு மாற்றிச் சொல்லவே இல்லை.

அந்த நேரம் பார்த்து வெளியே நீ அழுதாய். காலையிலிருந்து குடிக்காத பிள்ளை, வேறெப்படி அழுவாய்? உன் சத்தம் கேட்டதும் என் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து சேலைக்கு வெளியே தெரிந்தது. மறைக்கக் கை எழவில்லை, குனிந்த வாக்கில் அப்படியே நின்றேன். துரை பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதற்காகத் துடைத்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவருக்கும் ஊரில் மனைவி பிள்ளை இருந்தார்களா, வெட்கமா, இல்லை வெறும் தூசிதானா? பிறகு, இப்படி எத்தனை பேர் என்று கிராணியிடம் கேட்டார். நாலு பேர் என்றேன். அதே வாயோடு என் யோசனையையும் சொல்லிவிட்டேன்: நாலு பேரில் ஒருத்தி முறை வைத்துக் கொட்டகையில் இருக்கட்டும், நாலு பிள்ளைகளுக்கும் அவளே பால் கொடுக்கட்டும், மற்ற மூன்று பேர் மணி அடிக்கும்வரை காட்டை விட்டு நகரமாட்டோம். கொட்டகையில் இருப்பவளுக்கும் பேர் விழ வேண்டும். இதைக் கிராணி ஐயா வெட்கப்படாமல் முழுதும் சொன்னார். துரை ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். மூன்று பேரில் எவளாவது நடுவில் நகர்ந்தால் அன்றோடு கொட்டகை மூடப்படும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

என் பெருமையைக் கேட்கவா வேண்டும்? லயமே என்னைப் பார்த்தது. மண்டோர்கூட ஒரு வாரம் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். தம்பி, உரிமை என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்களே, அந்தச் சொல் எனக்கு அன்று தெரியாது. ஆனால் அது கைக்கு வந்தபோது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதுவரை எழுதியதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். இனிமேல் எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் முறை என்னுடையது. ராசம்மா பிள்ளைக்குக் கொடுத்தேன், குப்பாயி பிள்ளைக்குக் கொடுத்தேன், உனக்குக் கொடுத்தேன். பாக்கியத்தின் பெண் செல்லம்மா அழுதாள். உன்னைவிட ஒரு மாதம் மூத்தவள். தூக்கினேன். தூக்கியவள் மார்பில் போடவில்லை. பாக்கியம் கடைசி லயத்துக்காரி. சாதி வேறு. எங்களுக்குக் கீழே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நானும் ஏன் என்று கேட்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான். மரவள்ளி மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சி, பித்தளைப் பாலாடையில் ஊற்றி அவள் வாயில் விட்டேன். நாலு பிள்ளைகளுக்கு என் உடம்பில் பால் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. கிழங்கைத் தின்றுவிட்டு யாருக்குப் பால் பொங்கிவிடப் போகிறது? ஆனால் பால் குறைந்தால் நாலு பேருக்கும் அல்லவா குறைய வேண்டும்? அது மட்டும் இல்லை. அன்று சாயங்காலம் பாக்கியத்திடம், "ஒன் மொறையில எம்பையனுக்குக் கஞ்சியே போதும். அவனுக்கு வேற பால் ஒத்துக்காது" என்றேன். ராசம்மா பாலும் குப்பாயி பாலும் உனக்கு ஒத்துக்கொள்ளும் என்பது அவளுக்கும் தெரியும். "சரிக்கா" என்றாள்.

என் கணக்குப்படி பாக்கியத்தின் முறை நாளில்தான் நீ பசித்துக் கத்த வேண்டும். அது என்ன அதிசயமோ, மற்ற நாட்களில் நான் வரும்போது சிணுங்கிக்கொண்டிருப்பாய், அவள் முறையில் மட்டும் கை கால் தளர்ந்து, உதட்டோரம் ஈரமாக, நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாய். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு நாலாம் நாளும் இப்படி என்றால்? கஞ்சியில் எதையாவது கலந்து தூங்க வைக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். பார், என் புத்தி எங்கே போயிருக்கிறது. நாலாவது தடவை அவள் முறை வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. வயிறு சரியில்லை, ஒதுங்கப் போகிறேன் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு, ஆற்றில் இறங்கிக் குறுக்கு வழியாக ஓடினேன். பிடிபட்டால் நாலு பிள்ளைகளுக்கும் அன்றோடு பால் நின்றுவிடும். அது தெரிந்தும் ஓடினேன்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. பாக்கியம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீ அவள் மார்பில் இருந்தாய். உன் கை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் பெண் பக்கத்தில் தூளியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் உன்னை விலக்கவும் இல்லை, சேலையை இழுத்துவிடவும் இல்லை.

"எப்பலேருந்து இது?" என்றேன்.

"மொத நாளுலேருந்து."

"கஞ்சின்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. காச்சியும் வச்சேன். துப்பிட்டான். அழுதான். எனக்கு இங்க நனைஞ்சிருச்சுக்கா. அப்புறம் நான் என்ன செய்ய?"

அவள் உன் தலையைத் தடவிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "ஒங்க மொறையில எம்புள்ளைக்கு என்னக்கா குடுக்குறீங்க?"

அதில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "கஞ்சி" என்றேன்.

"நெனச்சேன். வவுறு உப்பிப் போயி வருவா."

"தெரிஞ்சும் ஏன் நீ கேக்கல?"

"கேட்டா சண்ட வரும். சண்ட வந்தா மண்டோரு கொட்டகையப் பூட்டிருவாரு. இப்ப நாலு நாளுல ஒரு நாளாச்சும் பகல்ல அவளுக்குப் பாலு கெடைக்குது. பூட்டிட்டா அதுவும் போயிருமேக்கா."

நாலு நாளில் ஒரு நாள் என்று அவள் சொன்னது எனக்கு உறைக்க ஆறு தாண்டும்வரை ஆனது. நான் மட்டும்தான் கஞ்சி கொடுத்தேன் என்றால் செல்லம்மாவுக்கு மூன்று நாள் பால் கிடைத்திருக்க வேண்டுமே. காட்டில் மண்டோர் என் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். "ஒதுங்கப் போனவளுக்கு ஆத்துச் சேறு எங்கேருந்து வந்துச்சு? இன்னொரு வாட்டி பாத்தேன், கொட்டகையும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் கிழங்குப் பாத்தியில் ராசம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். "பாக்கியம் புள்ளைக்கு ஒன் மொறையில என்ன குடுக்குற?" என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல் வேகமாக மண்ணைக் கொத்தினாள். குப்பாயியைப் பார்த்தேன். அவள் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசிக்கொள்ளவே இல்லை, தம்பி. ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கிறோம். நாலு பேருக்கு என்று நான் குனிந்து வாங்கி வந்ததை மூன்று பேர் எடுத்துக்கொண்டோம். நாலாமவள் எங்கள் மூன்று பேரின் பிள்ளைகளுக்கும் முறை தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் முறை. உனக்குக்கூடக் கொடுக்காமல் முதலில் செல்லம்மாவை எடுத்து மடியில் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மார்பையும் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். பாலாடை வரும் என்று காத்திருந்தாள். ஐந்து மாதக் குழந்தை, எந்த மடியில் என்ன கிடைக்கும் என்று கற்றுக்கொண்டிருந்தாள். நான் அன்று அழுத அழுகை உன் அப்பாவை லாரியில் ஏற்றியபோதுகூட அழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பிடித்தாள், பிடித்தபின் விடவில்லை. ராசம்மா அடுத்த முறையிலிருந்து கொடுத்தாள். குப்பாயி கடைசிவரை கொடுத்தாளா இல்லையா, எனக்குத் தெரியாது. செல்லம்மா பிழைத்தாள். நாலு பிள்ளைகளும் பிழைத்தீர்கள். யுத்தம் முடிந்ததும் பாக்கியம் தன் ஆட்களோடு கெமாஸ் பக்கம் போய்விட்டாள். நான் அவளிடம் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் கிளம்பும்போது அவள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்தேன். அந்தப் பழத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இதைப் படித்துவிட்டு, அம்மா அரை மணி நேரத்தையும் அறையையும் கொடுக்கச் சொல்கிறாள், அவ்வளவுதானே என்று மடித்து வைத்துவிடாதே. கொடு, அது எப்படியும் நீ கொடுக்க வேண்டியது. அறைக்கு உள்தாழ்ப்பாள் போடு. அந்த நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்காதே. நேரத்தை உன் மணியைப் பார்த்து வைக்காதே, அவர்களைக் கேட்டு வை. ஆனால் நான் இத்தனை பக்கம் எழுதியது உன்னிடம் வந்து கேட்ட மூன்று பேருக்காக இல்லை. கேட்கத் தெரிந்தவர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள், நான் வாங்கவில்லையா? அறையைத் திறந்த பிறகு ஒரு வாரம் கழித்து, யார் அதற்குள் போகிறார்கள், யார் இன்னும் கக்கூசுக்குப் போகிறார்கள் என்று விசாரி. காண்டிராக்டில் வந்து கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் அந்த அறை உண்டா என்று கேள். மற்ற பெண்கள் அவளுக்கு நாற்காலியில் இடம் விடுகிறார்களா என்று பார். வாய் திறக்காமல் நிற்கும் ஒருத்தியைத் தேடிப் போய், உனக்கு வேண்டுமா என்று நீயாகக் கேள். வேண்டாம் சார் என்றுதான் அவள் சொல்வாள், இருப்பதும் போய்விடும் என்ற பயம். இன்னொரு தரம் கேள். ஊரையே கேள்வி கேட்டுத் துளைத்த உன் அம்மா, பக்கத்தில் வந்து நின்ற பாக்கியத்தை, உன் பிள்ளைக்குப் பால் கிடைக்கிறதா என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.